கால் எட்டலைன்னா வண்டி வேண்டாமா? உயரமான பைக்கும் உயரம் கம்மியான ரைடரும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோட் முடிவுல, "அடுத்த வாரம் வண்டி எடுக்கிறதைப் பத்திப் பேசலாம்"னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். வந்த மெசேஜ்ல முக்கால்வாசி ஒரே கேள்வி. "எனக்கு ஹைட் கம்மி. அட்வென்ச்சர் பைக் எடுக்கலாமா?" பொண்ணுங்க மட்டும் கேக்கலை. பாதிக்கு மேல பசங்க. அதுல நிறையப் பேர், "பேரைச் சொல்லாதீங்க ப்ளீஸ்"னு சேர்த்து எழுதியிருந்தாங்க. அந்த ப்ளீஸைப் பார்த்ததும், இதை முழு எபிசோடாவே பண்ணிடலாம்னு தோணிச்சு.

முதல்ல என் அளவைச் சொல்லிடறேன். 157 செ.மீ. எல்லார்கிட்டயும் 5 அடி 2 அங்குலம்னுதான் சொல்லுவேன். டேப் வெச்சுப் பார்த்தா அரை சென்டிமீட்டர் உதைக்கும். எடை 52 கிலோ. நான் ஓட்டுறது எக்ஸ்பல்ஸ் 200 4வி. சீட் உயரம் 825 மி.மீ. ரெண்டு காலையும் ஒரே நேரத்துல கீழே வெச்சா, நுனிவிரல்தான் தரையில படும். இந்த வண்டியில இப்ப மூணாவது வருஷம். இதுக்கு நடுவுல ஒரு தப்பான வண்டி வாங்கினேன், சரியான வண்டியைத் தப்பாக் கெடுத்தேன், மலையில தனியா விழுந்தேன். அதெல்லாம் சேர்த்துதான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

முதல் வண்டி: பயத்துல வாங்கினது

எனக்கு இந்த மாதிரி வண்டி ஏன் வேணும்? ஸ்டைலுக்கும்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அம்மாவோட ஊர் போளூர் பக்கம். மெயின் ரோட்டுல இருந்து பாட்டி வீட்டுக்கு 3 கிலோமீட்டர் மண் ரோடு. மழை பெஞ்சா டிராக்டர் டயர் போட்ட பள்ளத்துல தண்ணி நிக்கும். அங்கிருந்து ஜவ்வாது மலை பக்கம். மாசத்துல ஒரு தடவையாவது அங்க போவேன். அதனால மண் ரோடு, மலை, ஹைவே மூணையும் தாங்குற வண்டி எனக்கு உண்மையாவே தேவை.

ஷோரூம் போனேன். எந்த ஷோரூம்னு சொல்லப்போறதில்லை. நான் பார்த்த வண்டி மேல ஏறி உக்கார்றதுக்குள்ள, விக்கிறவர் ஓடி வந்து ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டார். "மேடம், இது உங்களுக்கு செட் ஆகாது. ஸ்கூட்டர் அந்தப் பக்கம் இருக்கு பாருங்க." அவர் கெட்டவர் இல்லை. வண்டி விழுந்துடுமேன்னு பயந்தார். அந்தப் பயம் அப்படியே எனக்கும் ஒட்டிக்கிச்சு. சீட் தாழ்வா, க்ரூஸர் மாதிரி ஒரு வண்டியை வாங்கிட்டு வந்துட்டேன். ரெண்டு பாதமும் ஜம்முனு தரையில உக்காரும்.

ரெண்டு வருஷம் ஓட்டினேன். ஊர்ல இருக்கிற ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் அடி தட்டும். பாட்டி வீட்டு ரோட்டுல முதல் கியர்ல உருட்டிக்கிட்டே போவேன். கடைசியில அம்மாதான் சொன்னாங்க: "ஏண்டி, வண்டி வாங்கினது ஓட்டுறதுக்கா, நிறுத்துறதுக்கா?" நஷ்டத்துக்கு வித்தேன். ஆனா அந்தக் கேள்வி மனசுலயே நின்னுடுச்சு. நான் வண்டியைத் தேர்ந்தெடுத்தது சிக்னல்ல நிக்கிற அந்த 30 செகண்டுக்காக. மீதி நேரத்துக்காக இல்லை.

சீட் உயரம்ங்கிற நம்பர் எவ்வளவு உண்மை?

சரி, இப்ப டெக்னிக்கலுக்கு வரலாம். இந்த வண்டிங்க ஏன் உயரமா இருக்கு? கல்லு, பள்ளம் மேல போகும்போது சக்கரம் மேலயும் கீழயும் நிறைய தூரம் நகரணும். அதைத்தான் சஸ்பென்ஷன் டிராவல்னு சொல்றோம். சக்கரம் மேல வர இடம் விடணும், அடியில கல்லு தட்டாம இருக்கணும். அப்ப வண்டியோட உடம்பு தானா மேல போயிடும். உயரம் இந்த வண்டியோட குறை இல்லை, வேலையே அதுதான். எக்ஸ்பல்ஸ் 200 4வி-யையே எடுத்துக்கோங்க. சாதா மாடலுக்கு முன்னாடி 190 மி.மீ. டிராவல், சீட் 825. அதோட ப்ரோ மாடலுக்கு முன்னாடி டிராவல் 250, சீட் 891. ஒரே இன்ஜின், ஒரே குடும்பம். டிராவல் ஏறினா சீட்டும் ஏறிடும்.

சீட் உயரத்தை மட்டும் வரிசையா வெச்சுப் பார்ப்போம். 2016-ல வந்த முதல் ஹிமாலயன் 800. புது ஹிமாலயன் 450-ல சீட்டை 825, 845-ன்னு ரெண்டு நிலையில மாத்தலாம், அதுக்குத் தனியா விக்கிற லோ சீட் போட்டா 805. சுஸூகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 835. 2020-ல வந்த கே.டி.எம். 390 அட்வென்ச்சர் 855.

இதைப் பார்த்துட்டு "அப்ப 800-தான் எனக்கு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. நானும் அப்படித்தான் பண்ணப் பார்த்தேன். இந்த நம்பர் சொல்லாம விடுற விஷயம் மூணு இருக்கு.

ஒண்ணு, இது யாரும் மேல உக்காராதப்ப எடுத்த அளவு. நீங்க உக்காந்ததும் வண்டி இறங்கும். அதுக்குப் பேரு சேக். மண் ரோடு ஓட்டுற வண்டிக்குப் பொதுவா மொத்த டிராவல்ல 30 சதவீதம் பக்கம் இறங்குற மாதிரி வைப்பாங்க. 170 மி.மீ. டிராவல் இருந்தா கிட்டத்தட்ட 50 மி.மீ. அதாவது 5 சென்டிமீட்டர். நமக்கு 5 சென்டிமீட்டர்னா ஒரு ஹை ஹீல்ஸ் மக்களே! ஆனா இதுல ஒரு சிக்கல். ஸ்பிரிங்கை என்னை விட எடை கூடின ஆளை மனசுல வெச்சுதான் போட்டிருப்பாங்க. 52 கிலோ உக்காந்தா அது அவ்வளவா அசையாது. அதனாலதான் ஒல்லியான ஆளுக்கு வண்டி இன்னும் உயரமாத் தெரியும். பின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோட பிரீலோடைக் கொஞ்சம் தளர்த்தினா, காசு செலவில்லாம ஒண்ணு ஒண்ணரை சென்டிமீட்டர் கிடைக்கும். டெஸ்ட் ரைடு எடுக்கும்போதே பிரீலோடைக் குறைச்சு வெச்சுத் தரச் சொல்லிக் கேளுங்க.

ரெண்டாவது, சீட்டோட அகலம். கால் நேரா கீழ இறங்கினாத்தான் முழு நீளமும் நமக்குக் கிடைக்கும். சீட் அகலமா இருந்தா கால் முதல்ல வெளிய போய், அப்புறம்தான் கீழ போகும். 835 சீட் முன்பக்கம் ஒல்லியா இருந்தா, 800 அகல சீட்டை விட நல்லா கால் எட்டலாம். இது பேப்பர்ல வராது. உக்காந்துதான் பார்க்கணும்.

மூணாவது, உங்க கால். மொத்த உயரம் இதுல முக்கியமே இல்லை, இன்ஸீம்தான் முக்கியம். வீட்டுல செருப்பில்லாம சுவத்துல முதுகை ஒட்டி நில்லுங்க. ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடை சேர்ற இடத்துல நல்லா மேல ஏத்திப் பிடிங்க. புத்தகத்தோட மேல் விளிம்புல இருந்து தரை வரைக்கும் அளங்க. எனக்கு 72 செ.மீ. ரைடிங் பூட்ஸ் 3 சேர்த்தா 75. என் வண்டி 82.5. நான் உக்காந்தா ஒரு 4 இறங்கும்னு வெச்சுக்கங்க, 78.5. வித்தியாசம் மூணரை சென்டிமீட்டர், சீட் அகலத்துக்கு இன்னும் கொஞ்சம். குதிகாலைத் தூக்கினா அந்த இடைவெளி சமாளிக்கிற அளவுதான். ஷோரூம்ல அந்த அண்ணன் பார்த்தது என் தலை உயரத்தை. இந்தக் கணக்கை ரெண்டு பேருமே போடலை.

எடைதான் பெரிய கேள்வி

இப்ப நான் ரொம்ப லேட்டாப் புரிஞ்சுக்கிட்ட விஷயம். உயரத்தை விட எடையை முதல்ல பாருங்க.

வண்டி நேரா நிக்கும்போது அதோட எடை டயர்லதான் இருக்கு, உங்க கால்ல இல்லை. ஒரு விரலாலகூடப் பிடிச்சு நிறுத்தலாம். சாய ஆரம்பிச்சாத்தான் உங்க கால் மேல வரும். ஒவ்வொரு டிகிரி சாய்வுக்கும் பாரம் கூடிக்கிட்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல யாராலயும் பிடிக்க முடியாது. உயரமானவருக்கு அந்தக் கட்டம் கொஞ்சம் தள்ளி வரும், நமக்குச் சீக்கிரம் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

எக்ஸ்பல்ஸ் 160 கிலோ பக்கம். வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 167. ஹிமாலயன் 450 196 கிலோ. முதல் ஹிமாலயனும் கிட்டத்தட்ட 200 கிலோதான். ஆனா சீட் எல்லாத்தையும் விடத் தாழ்வு. இதுல யாருக்கு எது சரி? ஹைவே நிறைய, லோடு நிறைய, லடாக் வரைக்கும் போகணும்னா ஹிமாலயன் மாதிரி வண்டி ஓடுறப்ப அவ்வளவு நிதானமா இருக்கும். எனக்குத் தேவை பாட்டி வீட்டு மண் ரோடு, அதுவும் தனியா. தனியாப் போறவ கேக்க வேண்டிய முதல் கேள்வி: "விழுந்தா நான் ஒருத்தியே தூக்க முடியுமா?" 36 கிலோ வித்தியாசம்னா என் எடையில முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கம்மி. அதை நான் எதுக்குத் தூக்கணும்? அதனால சீட் 25 மி.மீ. கூட இருந்தாலும் பரவாயில்லைன்னு லைட்டான வண்டியை எடுத்தேன். அது சரியான முடிவு. அதுக்கப்புறம் பண்ணதுதான் முட்டாள்தனம்.

சரியான வண்டியைக் கெடுத்த கதை

வண்டி வந்து முதல் மாசம். ஒரு சிக்னல்ல காலை வெச்ச இடத்துல பள்ளம். வண்டி மெதுவா சாஞ்சு, பக்கத்துல இருந்த ஆட்டோ மேல போய் நின்னுச்சு. ஆட்டோ அண்ணன் திட்டவே இல்லை, சிரிச்சார். அது திட்டுறதை விட மோசம். அடுத்த நாளே ஒரு கேரேஜ் போனேன். "லோயரிங் லிங்க் போட்டா ஒன்றரை இன்ச் இறங்கிடும் மேடம், ஒரு மணி நேர வேலை"ன்னாங்க. பின்னாடி மோனோஷாக் பக்கத்துல இருக்கிற லிங்க்கை மாத்தினா பின்பக்கம் தாழும். போட்டுட்டேன். ரெண்டு காலும் கிட்டத்தட்ட எட்டிச்சு. எனக்கு ஆனந்தக் கண்ணீர் வராத குறை.

ஆனா யாரும் எனக்கு மீதி மூணைச் சொல்லலை. நானும் கேக்கலை.

பின்பக்கம் மட்டும் இறங்கினா முன்பக்கம் தூக்கிக்கும். ஹேண்டில் மந்தமாத் திரும்பும், ஹெட்லைட் மரத்துக்கு வெளிச்சம் அடிக்கும். முன்னாடி ஃபோர்க்கையும் அதுக்கேத்த அளவு கிளாம்ப்ல மேல ஏத்தியிருக்கணும். இது ஒண்ணு. ரெண்டாவது, அடியில தட்டாம இருக்கத்தான் இந்த வண்டியே எடுத்தேன். அதையே கொஞ்சம் வித்துட்டேன். மூணாவது, சைடு ஸ்டாண்டு. வண்டி தாழ்ந்திடுச்சு, ஸ்டாண்டு பழைய நீளம். அப்ப ஸ்டாண்டு போட்டா வண்டி சாயாம கிட்டத்தட்ட நேரா நிக்கும். லேசா ஒரு காத்து, லேசா ஒரு சரிவு போதும், எதிர்ப்பக்கம் விழுந்துடும்.

அது நடந்தது போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர் ஏறுற வழியில. மெயின் ரோட்டுல இருந்து பிரியிற ஒரு மண் ரோடு. தண்ணி குடிக்க இறங்கினேன். ஸ்டாண்டைப் போட்டு, ஹெல்மெட்டைக் கழட்டி, திரும்பினேன். தொம்முனு சத்தம். வண்டி வலது பக்கம், சரிவு பார்த்து விழுந்து கிடக்கு. டேங்க் மூடியில இருந்து பெட்ரோல் சொட்டுது. போன்ல சிக்னல் இல்லை.

தூக்கிப் பார்த்தேன். ஹேண்டில்பாரை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன். அசையலை. மறுபடி இழுத்தேன். முதுகுல சுருக்குனு பிடிச்சுக்கிச்சு. அப்பதான் உண்மையாவே பயம் வந்துச்சு. விழுந்ததால இல்லை. "அந்த ஷோரூம்காரர் சொன்னது சரிதானோ"ன்னு தோணிச்சு பாருங்க, அதுதான் வலிச்சுது.

கிட்டத்தட்ட 40 நிமிஷம். அப்புறம் ஆடு ஓட்டிக்கிட்டு ஒரு ஆயா வந்தாங்க. வண்டியைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "ஏன் பாப்பா, காலு எட்டலியா?" நான் அழுகிற நிலைமையில, "எட்டுது ஆயா, ஸ்டாண்டு சரியில்லை"ன்னேன். அவங்க அதைக் காதுல வாங்கின மாதிரியே தெரியலை. "மேட்டுப் பக்கம் நிறுத்தியிருந்தா வுழுந்திருக்குமா?"ன்னாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். அவங்க என்னை விட ஒரு சாண் குள்ளம். இழுக்கவே இல்லை. குனிஞ்சு, முட்டியை மடிச்சு, நெல் மூட்டை தூக்குற மாதிரி காலாலயே எழுப்பினாங்க.

சென்னை வந்ததும் லிங்க்கைக் கழட்டிப் பழையதையே போட்டேன். அப்புறம்தான் நான் உண்மையாவே கத்துக்க ஆரம்பிச்சேன்.

காசை எங்க போடணும், நேரத்தை எங்க போடணும்

காசு போட்டது ஒரே இடத்துல. ஜிபி ரோடு பக்கம் சீட் குஷன் வேலை பார்க்கிற ஒரு கடையில, சீட்டோட முன்பக்க ரெண்டு ஓரத்தையும் செதுக்கச் சொன்னேன். உயரத்தைக் குறைக்க வேணாம், முன்னாடி ஒடுக்கிக் கொடுங்கண்ணா போதும்னேன். சீட் கடினமாகலை, சஸ்பென்ஷன்ல கை வைக்கலை. கால் நேரா இறங்க ஆரம்பிச்சுது. அதோட நல்ல கிரிப் இருக்கிற, அடி கனமான பூட்ஸ். அவ்வளவுதான்.

நேரம் போட்டது காலியா இருக்கிற ஒரு கிரவுண்டுல, ஞாயித்துக்கிழமை காலையில, ரெண்டு மாசம். மூணே மூணு விஷயம்தான் பழகினேன்.

முதல் விஷயம், ஒரு கால்ல நிறுத்துறது. ரெண்டு காலும் எட்டணும்னு யார் சொன்னது? வண்டி நிக்கிறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி இடுப்பை இடது பக்கம் லேசா நகர்த்துங்க. இடது முன்பாதம் முழுசாத் தரையில பதியும். வலது கால் ஃபுட்பெக்லயே இருக்கும், பின் பிரேக்கைப் பிடிச்சிருக்கும். ஹேண்டில் நேரா இருக்கணும். திரும்பின ஹேண்டிலோட முன் பிரேக்கைப் பிடிச்சா வண்டி அந்தப் பக்கம் படுத்துடும். நின்ன இடத்துல விழுறது நிறைய இப்படித்தான்.

ரெண்டாவது, இடம் பார்த்து நிறுத்துறது. இது அந்த ஆயா சொன்னது. ரோடு நடுவுல மேடா, ஓரத்துல சரிவா இருக்கும், தண்ணி வடியறதுக்காக. நாம இடது ஓரம் போறோம். அப்ப நம்ம இடது கால் பக்கம்தான் எப்பவும் தாழ்வு. நல்ல ரோட்டுல அது ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆனா நம்மள மாதிரி ஆளுக்கு ஒரு சென்டிமீட்டர் பெரிய சொத்து. தார் மேல தார் போட்டு உயர்ந்த ரோட்டோட விளிம்புல நிறுத்தினா, கீழ மண்ணு அரை அடி பள்ளத்துல இருக்கும். அங்க காலை வெச்சா கதை முடிஞ்சுது. அதனால சிக்னலுக்கு 50 மீட்டர் முன்னாடியே கண்ணு தரையைத் தேடணும். பிளாட்பார விளிம்பு கிடைச்சா அதுல காலை வைங்க, ராஜா மாதிரி நிக்கலாம். வலது பக்கம் மேடா இருந்தா வலது காலை வெச்சு, முன் பிரேக்ல பிடிங்க. மழையில தேங்கின தண்ணிக்குள்ள மட்டும் காலை வைக்காதீங்க. ஆழம் தெரியாது.

மூணாவது, தூக்குறது. முதல்ல கில் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணுங்க. கியர்ல போட முடிஞ்சா போடுங்க, வண்டி உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தா, தூக்குறதுக்கு முன்னாடியே சைடு ஸ்டாண்டைத் திறந்து வெச்சிடுங்க, அந்தப் பக்கம் போனா தாங்கிக்கும். அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்ல இடுப்பை ஒட்டிக் குந்துங்க. ஒரு கை ஹேண்டில் பிடியில, இன்னொண்ணு பின்னாடி கிராப் ரெயில்ல. முதுகு நேரா. கால் பலத்துல, சின்னச் சின்ன அடியா பின்னாடி நடங்க. இடது பக்கம் விழுந்திருந்தா ஸ்டாண்டு உதவாது, அதனால நேராகுறப்ப நிதானமா, மறுபக்கம் தள்ளிடாமப் பாருங்க. சரிவுல விழுந்து கிடந்தா, முதல்ல வண்டியை இழுத்துச் சுழட்டி, சக்கரம் பள்ளத்துப் பக்கம் இருக்கிற மாதிரி திருப்பிக்கங்க. தூக்குறது பாதியாயிடும். புது வண்டியில பழக மனசு வராதுதான். பழைய பாய் ஒண்ணு விரிச்சு, ரெண்டு பேர் பிடிச்சு மெதுவாப் படுக்க வெச்சுப் பழகுங்க. நான் அப்படித்தான் பண்ணேன். முதல் தடவை தனியாத் தூக்கினப்ப கிரவுண்டுல கிரிக்கெட் ஆடிக்கிட்டிருந்த பசங்க கை தட்டினாங்க.

யார் எடுக்க வேண்டாம்?

"மனசு வெச்சா எந்த வண்டியும் ஓட்டலாம்"னு சொல்ற வீடியோ நிறைய இருக்கு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தினமும் பின்னாடி ஆள் ஏத்திக்கிட்டு, நெரிசல்ல ஒரு மணி நேரம் நின்னு நின்னு போறவங்களுக்கு உயரமான வண்டி தண்டனை. ஏன்னா பின்னாடி இருக்கிறவங்க அசைஞ்சா அதைத் தாங்குறதும் உங்க ஒத்தைக் கால்தான். முட்டி, இடுப்பு வலி இருந்தாலும் யோசிங்க. மண் ரோடே போகமாட்டீங்கன்னா, தேவையில்லாத உயரத்துக்கு ஏன் காசு கொடுக்கணும்? தாழ்வான வண்டி எடுக்கிறது தோல்வி இல்லை. பயத்துல எடுத்தாத்தான் அது தப்பான வண்டி. தேவை பார்த்து எடுத்தா அதுவும் நல்ல வண்டிதான்.

இப்ப அந்த ப்ளீஸ் போட்ட பசங்களுக்கு. பொண்ணு ஒருத்தி வண்டியைக் கீழ போட்டா ஊரே ஓடி வந்து அட்வைஸ் பண்ணும், எரிச்சலா இருக்கும். ஆனா உதவி கிடைச்சிடும். பையன் போட்டா சிரிப்பாங்க. அதனால நீங்க உயரத்தை மறைக்க, தேவைக்கு மேல பெரிய வண்டியை எடுத்துட்டு, ஒவ்வொரு சிக்னலுக்கும் நெஞ்சு படபடக்கப் போயிக்கிட்டிருப்பீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், 5 அடி 3, இப்படித்தான் கிட்டத்தட்ட 200 கிலோ வண்டி எடுத்தான். ஆறு மாசமா வண்டி பேஸ்மென்ட்ல தூசி படிஞ்சு நிக்குது. "பார்க்கிங்ல இருந்து எடுக்கவே பயமா இருக்கு"ன்னு என்கிட்ட மட்டும் சொன்னான். தம்பி, ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்கு வா. நான் பாயோட வரேன்.

கடைசியா, டெஸ்ட் ரைடு போகும்போது இந்த வரிசையை மனசுல வெச்சுக்கங்க. எங்க ஓட்டப்போறேன்? விழுந்தா நான் தூக்க முடியுமா? சீட் முன்பக்கம் ஒடுக்கமா? ஒரு கால் முன்பாதம் பதியுதா? இதெல்லாம் கேட்ட பிறகு, கடைசியாத்தான் அந்த சீட் உயர நம்பர். பூட்ஸ் போட்டுக்கிட்டுப் போங்க. வண்டி மேல பத்து நிமிஷம் உக்காருங்க. யாராவது வந்து ஹேண்டிலைப் பிடிச்சா, "அண்ணா, ஒரு நிமிஷம் விடுங்க, நானே பிடிச்சுப் பார்க்கிறேன்"னு சொல்லுங்க. அன்னைக்கு நான் சொல்லாம விட்டது அந்த ஒரு வரியைத்தான்.

போன மாசமும் பாட்டி வீட்டுக்குப் போனேன். மண் ரோட்டுல தண்ணி. வாசல்ல வண்டியை மேட்டுப் பக்கமாத்தான் நிறுத்தினேன். பாட்டி எட்டிப் பார்த்துட்டு, "இது எம்மா ஒசரமா இருக்கு, எப்படிடீ ஏறுற?"ன்னு கேட்டாங்க. இடது ஃபுட்பெக்ல கால் வெச்சு, குதிரை ஏறுற மாதிரி ஏறிக் காட்டினேன். அதையும் நீங்க பழகிக்கங்க, சைடு ஸ்டாண்டு சரியான நீளத்துல இருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு.

உங்க வண்டிக் கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பேர் வேண்டாம்னா போட மாட்டேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம். ஹெல்மெட் போடுங்க. பை.